வீட்டில் தமிழ் கதைத்தால் பிள்ளை பின்தங்குமா?



எங்கட சனம் நாட்டை விட்டு வெளிக்கிட்டு இந்த நாடுகளில் காலூன்றிய நாள் தொடக்கம் ஒரு கேள்வி வீட்டுக்கு வீடு இருந்து வருகிறது. பிள்ளையோட எந்தப் பாசையில் கதைக்கிறது? பள்ளிக்கூடத்தில் இருந்து, வீட்டிலும் ஆங்கிலமே கதையுங்கோ, இல்லாவிட்டால் பிள்ளை குழம்பிப் போகும் என்று சொல்லி விடுகிறார்கள். பிள்ளைக்குப் பேச்சு வர ஒரு ஆறு மாதம் சுணங்கினால் சில வைத்தியர்மாரும் அதையே சொல்லுகிறார்கள். படித்தவர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று தாய் தகப்பனும் தங்களுக்கு வராத ஆங்கிலத்தில் பிள்ளையோட கதைக்கத் தொடங்குகிறார்கள். இரண்டு மூன்று வருசத்தில் அம்மம்மா ஒரு கதிரையில், பேரப்பிள்ளை ஒரு கதிரையில். இரண்டு பேருக்கும் நடுவில் ரெலிவிசன் மட்டும் கதைத்துக் கொண்டிருக்கும்.

இந்த அறிவுரை எங்கே இருந்து வந்தது? யார் கண்டுபிடித்தது? எந்தப் பிள்ளையளை வைத்துக் கண்டுபிடித்தது? இதற்கு நூறு வருசத்துக்கு மேற்பட்ட ஒரு வரலாறு உண்டு. பல்கலைக்கழகங்களில் கல்வித்துறைக்காரரும் மருத்துவத்துறைக்காரரும் மாறி மாறி எழுதிய வரலாறு அது. நான் உயர்தரத்தோட படிப்பை விட்டு, இப்போது தொழிற்சாலையில் மெசினுக்கு முன்னால் நிற்கிறவன். நூல்நிலையத்தில் எடுத்து வாசித்ததை என்னைப் போன்ற தாய் தகப்பன்மாருக்கு விளங்கக் கூடிய மாதிரி சொல்லிப் பார்க்கிறேன்.

வேல்ஸ் நாட்டின் மரத்துண்டு

பிரித்தானியாவின் மேற்குப் பக்கத்தில் இருக்கிறது வேல்ஸ். அந்தச் சனத்துக்குச் சொந்தமாக ஒரு மொழி உண்டு. 19ஆம் நூற்றாண்டில் அங்கே பல பள்ளிக்கூடங்களில் ஒரு வழக்கம் இருந்தது. வெல்ஷ் மொழியில் கதைத்துப் பிடிபடுகிற பிள்ளையின் கழுத்தில் ஒரு மரத்துண்டைக் கட்டி விடுவார்கள். இன்னொரு பிள்ளை தாய்மொழியில் கதைத்துப் பிடிபட்டால் அது அந்தப் பிள்ளையின் கழுத்துக்கு மாறும். பள்ளிக்கூடம் விடுகிற நேரம் யாருடைய கழுத்தில் கிடக்கிறதோ அந்தப் பிள்ளைக்கு அடி. கூடப் படிக்கிற பிள்ளையையே ஒற்றனாக்குகிற ஏற்பாடு இது.

1847இல் வேல்ஸ் நாட்டுக் கல்வி பற்றி ஒரு பெரிய அரசாங்க அறிக்கை வெளிவந்தது. விசாரிக்கப் போன ஆணையாளர்கள் மூன்று பேர். மூன்று பேருக்கும் வெல்ஷ் தெரியாது! சனத்தின் பின்தங்கலுக்கு அவர்களின் மொழியும் ஒரு காரணம் என்று அவர்கள் எழுதி வைத்தார்கள். நீல அட்டைப் புத்தகங்களாக வந்த அந்த அறிக்கையை வேல்ஸ் மக்கள் துரோகம் என்ற சொல்லோடு சேர்த்தே இன்றைக்கும் நினைவு வைத்திருக்கிறார்கள்.

இது அதிகாரிகளின் அபிப்பிராயம். இதற்கு விஞ்ஞானப் பூச்சு கிடைத்தது 1923இல். டி. ஜே. சேர் என்ற ஆராய்ச்சியாளர் 7 வயது தொடக்கம் 14 வயது வரையான சுமார் 1,400 வேல்ஸ் பிள்ளைகளுக்கு நுண்ணறிவுச் சோதனை வைத்தார். கிராமப் புறத்தில் இரண்டு மொழி கதைக்கிற பிள்ளைகள், ஆங்கிலம் மட்டும் கதைக்கிற பிள்ளைகளை விடச் சுமார் 10 புள்ளி குறைவாக எடுத்தார்கள். இரண்டு மொழி பிள்ளையின் மூளையைக் குழப்புகிறது என்ற முடிவு அதிலிருந்து பிறந்தது.

ஆனால் அதே ஆராய்ச்சியில் இன்னொரு விசயமும் கிடந்தது. நகரத்துப் பிள்ளைகளில் அப்படி ஒரு வித்தியாசம் காணப்படவில்லை. இரண்டு மொழி மூளையைக் குழப்பும் என்றால் நகரத்துப் பிள்ளையின் மூளையையும் அல்லவா குழப்ப வேண்டும்? இந்தக் கேள்வியைப் பல காலம் ஒருவரும் பெரிதாக எடுக்கவில்லை. 1950களின் கடைசியில்தான் வேல்ஸிலேயே டபிள்யூ. ஆர். ஜோன்ஸ் என்ற கல்வியாளர் தகப்பன்மாரின் தொழிலையும் கணக்கில் எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தார். ஒரே மாதிரி வேலை செய்கிற குடும்பத்துப் பிள்ளைகளை ஒன்றோடு ஒன்று ஒப்பிட்ட போது இரண்டு மொழியால் அறிவு குறைகிறது என்ற கதை நிற்கவில்லை. முந்தி அளந்ததில் குடும்பத்தின் வசதியும் சேர்ந்தே அளக்கப்பட்டிருக்கிறது.

கப்பலால் இறங்கியவர்களுக்கு வைத்த சோதினை

அமெரிக்காவில் நடந்தது இதை விட மோசம். நியூயோர்க் துறைமுகத்தில் எலிஸ் தீவு என்ற இடத்தில்தான் ஐரோப்பாவில் இருந்து வந்த ஏழைக் குடியேறிகளைப் பரிசோதித்து உள்ளே விட்டார்கள். 1913இல் ஹென்றி கொடாட் என்ற உளவியலாளர் தன்னுடைய ஆட்களை அங்கே அனுப்பி நுண்ணறிவுச் சோதனை வைப்பித்தார். கப்பலின் அடித்தட்டில் நாள் கணக்காகக் கிடந்து, களைத்து விழுந்து, பயத்தோட இறங்கி வருகிற சனம். அதிலே கனபேர் வாழ்க்கையில் பென்சில் பிடிக்காதவர்கள். மொழிபெயர்ப்பாளர் ஒருவரை வைத்துக் கேள்வி. 1917இல் வெளியிட்ட முடிவு என்ன தெரியுமோ? சோதித்த யூதர், இத்தாலியர், ஹங்கேரியர், ரஷ்யர் ஆகியோரில் ஐந்தில் நான்கு பங்கினர் வரையில் புத்தி குறைந்தவர்களாம்!

விமான நிலையத்தில் ஒரு சின்ன அறைக்குள்ளே இருந்து, தெரியாத பாசையில் கேட்ட கேள்விகளுக்கு மறுமொழி சொன்ன அனுபவம் எங்களில் கனபேருக்கு இருக்கிறது. அந்த நேரம் எங்களுக்கு ஒரு புத்திச் சோதினை வைத்திருந்தால் எத்தனை புள்ளி வந்திருக்கும் என்று ஒருக்கால் யோசித்துப் பாருங்கோ.

அதற்குப் பிறகு, முதலாம் உலகப் போர் நேரம், அமெரிக்க இராணுவத்தில் சேர்ந்த 17 லட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்குச் சோதனை நடந்தது. பிரின்ஸ்ரன் பல்கலைக்கழகத்துக் கார்ள் பிரிகம் 1923இல் அந்தக் கணக்குகளை வைத்து ஒரு புத்தகம் எழுதினார். அமெரிக்காவுக்கு வந்து கன காலம் ஆனவர்கள் கூடிய புள்ளி எடுத்தார்கள். புதிதாக வந்தவர்கள் குறைந்த புள்ளி. சாதாரண புத்தி உள்ளவன் இதைப் பார்த்தால், இருக்க இருக்கப் பாசையும் பழக்கமும் பிடிபட்டிருக்கிறது என்று சொல்லுவான். பிரிகம் அப்படிச் சொல்லவில்லை. முந்தி வந்தவர்கள் நல்ல இனம், பிந்தி வந்தவர்கள் தாழ்ந்த இனம் என்று எழுதினார். இப்படியான பேச்சுகள் பரவி இருந்த காலத்தில்தான், 1924இல், தெற்கு ஐரோப்பியரும் கிழக்கு ஐரோப்பியரும் வருவதை வெட்டிக் குறைக்கிற குடிவரவுச் சட்டத்தை அமெரிக்கா கொண்டு வந்தது. 1930இல் பிரிகம் தன்னுடைய ஆராய்ச்சிக்கு அடித்தளம் இல்லை என்று தானே எழுதிக் கைவிட்டார். சட்டம் அதற்காகத் திரும்பவில்லை.

1926இல் புளோரன்ஸ் குடினஃப் என்ற உளவியலாளர் வேறொரு கணக்கைக் காட்டினார். வீட்டில் ஆங்கிலம் கூடுதலாகக் கதைக்கிற குடியேறிகளின் பிள்ளைகள் கூடிய புள்ளி எடுக்கிறார்கள் என்பது அது. இதற்கு இரண்டு விளக்கம் வைத்தார். ஒன்று, வீட்டில் பிறமொழி கதைப்பதால் பிள்ளை பின்தங்குகிறது. மற்றது, புத்தி குறைந்த இனங்கள்தான் புதிய மொழியைப் படிக்கச் சுணங்குகின்றன. இரண்டாவது விளக்கமே கூடப் பொருத்தம் என்பது அவருடைய எண்ணம். இரண்டிலும் பழி வீட்டின் தலையில்தான். வந்து எத்தனை வருசம், தகப்பனுக்கு என்ன வேலை என்ற கேள்விகள் பின்னுக்கு நின்றன.

பள்ளிக்கூடங்களுக்கும் வைத்தியசாலைகளுக்கும் அறிவுரை இந்தச் சூழலில் இருந்துதான் போய்ச் சேர்ந்தது. ஆராய்ச்சி பிழை என்று பிறகு தெரிந்தாலும் அறிவுரை தன்பாட்டுக்கு உலாவிக் கொண்டே இருந்தது.

கொப்பியும் பென்சிலுமாக இரண்டு தகப்பன்மார்

இதே காலத்தில் வேறு விதமாக ஆராய்ந்தவர்களும் இருந்தார்கள். பிரான்ஸ் நாட்டு மொழியியலாளர் ஜூல் ரொன்ஜாவின் மனைவி ஜேர்மன்காரி. அவர்களின் மகன் லூயி 1908இல் பிறந்தான். ஒரு ஆள் ஒரு மொழி என்று ஒரு மொழியியல் அறிஞர் சொல்லிக் கொடுத்த புத்தியின்படி, தகப்பன் எப்போதும் பிரெஞ்சில் கதைத்தார், தாய் எப்போதும் ஜேர்மனில் கதைத்தார். பிள்ளையின் பேச்சைத் தகப்பன் எழுதி வைத்து 1913இல் புத்தகமாக வெளியிட்டார். பிள்ளை குழம்பவில்லை, இரண்டையும் பிரித்துப் பிரித்துக் கதைத்தான்.

அமெரிக்காவில் நோத்வெஸ்ரேண் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் வேர்ணர் லெயோபோல்ட் தன்னுடைய மகளோடு ஜேர்மனில் கதைத்தார். தாய் ஆங்கிலத்தில் கதைத்தார். பிள்ளை சொன்ன சொற்களைக் கவனமாகக் குறித்து வைத்து, 1939இல் இருந்து 1949 வரை நான்கு பெரிய பாகங்களாக வெளியிட்டார். சின்ன வயதில் சொற்கள் கலந்து வருவதும் பிறகு தானாகப் பிரிவதும் அதிலே காணக் கிடைத்தது. எங்கட பிள்ளையளும் ஒரு வசனத்துக்குள்ளே தமிழையும் ஆங்கிலத்தையும் கலந்து அடிக்கும். அது பிள்ளையின் மூளையில் வந்த கோளாறு இல்லை என்பது எத்தனையோ வருசத்துக்கு முந்தியே எழுதப்பட்ட விசயம்.

ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. இவர்கள் இரண்டு பேரும் படித்த, வசதியான வீட்டுக்காரர். பேராசிரியர் வீட்டுப் பிள்ளை இரண்டு மொழி படித்தால் கெட்டித்தனம். கூலிக்காரன் வீட்டுப் பிள்ளை இரண்டு மொழி கதைத்தால் குழப்பம். அந்தக் காலத்துப் பார்வை அப்படித்தான் இருந்தது. இப்பவும் முழுக்க மாறி விட்டது என்று சொல்ல ஏலாது.

மொன்றியலில் மாறிய கணக்கு

பெரிய திருப்பம் எங்கட இந்தக் கனடாவில்தான் வந்தது. மொன்றியலில் மக்கில் பல்கலைக்கழகத்தில் வலஸ் லம்பேட் என்ற பேராசிரியரும் எலிசபெத் பீல் என்ற ஆராய்ச்சியாளரும் ஆறு பிரெஞ்சுப் பள்ளிக்கூடங்களில் 10 வயதுப் பிள்ளைகளைச் சோதித்தார்கள். பிரெஞ்சு மட்டும் தெரிந்தவர்கள் ஒரு பக்கம். பிரெஞ்சும் ஆங்கிலமும் இரண்டும் நன்றாகத் தெரிந்தவர்கள் மறுபக்கம். குடும்பத்தின் தொழிலும் வசதியும் இரண்டு பக்கத்துக்கும் சமமாக இருக்கும்படி பார்த்துக் கொண்டார்கள். கடைசிக் கணக்குக்கு எடுத்தது 110 பிள்ளைகள்.

1962இல் முடிவு வந்தது. இரண்டு மொழிப் பிள்ளைகள் பெரும்பாலான சோதனைகளில் மற்றவர்களை விட நல்ல புள்ளி எடுத்தார்கள். நாற்பது வருசத்துக் கதை தலைகீழானது. இரண்டிலும் கெட்டிக்காரரை மட்டும் தெரிந்தெடுத்த படியால்தான் அப்படி வந்தது என்று பிறகு சிலர் குறை சொன்னார்கள். அதிலும் நியாயம் உண்டு. ஆனாலும் ஒரு விசயம் உறுதிப்பட்டது: யாரோடு யாரை ஒப்பிடுகிறாய் என்பதில்தான் முழு முடிவும் தங்கி இருக்கிறது.

1965இல் மொன்றியலுக்குப் பக்கத்துச் சென் லம்பேட் என்ற ஊரில் ஆங்கிலம் பேசுகிற தாய் தகப்பன்மார் கூடி, தங்கட பிள்ளைகளுக்குப் பாலர் வகுப்பில் இருந்தே பிரெஞ்சில் படிப்பிக்க வேண்டும் என்று கேட்டு வாங்கினார்கள். அவர்கள் புத்தி கேட்கப் போனவர்களில் பேராசிரியர் லம்பேட்டும் ஒருவர், மூளைச் சத்திரசிகிச்சை நிபுணர் வைல்டர் பென்பீல்டும் ஒருவர். பென்பீல்ட் 1934இல் மொன்றியல் நரம்பியல் நிறுவனத்தைத் தொடக்கியவர். வலிப்பு நோயாளரை முழிப்போட வைத்துக் கொண்டே மூளையைத் திறந்து, மெல்லிய மின்சாரம் கொடுத்து, எந்த இடத்தைத் தொட்டால் பேச்சு நிற்கிறது என்று பார்த்துப் பார்த்து வெட்டியவர். மூளைக்குச் சொந்தமாக வலி தெரியாது என்பதால் அது செய்யக் கூடியதாக இருந்தது. சின்னப் பிள்ளையின் மூளை பல மொழிகளைச் சுலபமாக ஏற்கும் என்பது அவருடைய கருத்து. மருத்துவமும் கல்வியும் ஒரே மேசையில் இருந்தது அங்கேதான்.

சென் லம்பேட் பிள்ளைகளை மக்கில் பல்கலைக்கழகம் வருசா வருசம் சோதித்து வந்தது. பிரெஞ்சும் வந்தது, ஆங்கிலமும் கெடவில்லை. கனடா முழுக்க இன்று நடக்கிற பிரெஞ்சு அமிழ்வு வகுப்புகளுக்கு அதுதான் வேர்.

இதிலே லம்பேட் காட்டிய ஒரு வித்தியாசத்தை நாங்கள் கவனமாகப் பிடிக்க வேண்டும். ஆங்கிலம் இங்கே பலமான மொழி. அந்தப் பிள்ளைகள் எத்தனை பிரெஞ்சு படித்தாலும் ஆங்கிலம் போகாது. அது சேர்க்கிற இருமொழி. குடியேறிகளின் பிள்ளைகளுக்கோ புதிய மொழி வர வர வீட்டுமொழி கரைந்து போகிறது. அது கழிக்கிற இருமொழி. எங்கட நிலைமை இந்த இரண்டாவது வகை. ஒன்றும் செய்யாமல் விட்டால் கழிந்து கொண்டே போகும்.

கதைக்கிற ஆங்கிலமும் படிக்கிற ஆங்கிலமும்

1970களில் பின்லாந்தில் இருந்து சுவீடனுக்கு வேலைக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகளைத் தூவே ஸ்குத்னப்-கங்கஸ், பெர்த்தி தூகமா என்ற இரண்டு பின்லாந்து ஆராய்ச்சியாளர் ஆராய்ந்து 1976இல் எழுதினார்கள். சின்ன வயதில் வந்த பிள்ளைதான் புதிய மொழியை நன்றாகப் பிடிக்கும் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். கண்டதோ வேறு. தாய்மொழியில் சில வருசம் படித்து விட்டு 10 வயதளவில் வந்தவர்கள், படிப்புக்கு வேண்டிய சுவீடிஷ் மொழியில் சின்ன வயதில் வந்தவர்களை விட நல்லாக வந்தார்கள். தாய்மொழியில் போட்ட அத்திவாரத்தின் மேல்தான் இரண்டாம் மொழியின் சுவர் எழும்பியது. அடுத்த வருசமே, 1977இல், வீட்டுமொழி கற்பிப்பதைச் சுவீடன் சட்டமாக்கியது. அதே 1977இல் ஒன்ராறியோ மாகாணமும் பாரம்பரிய மொழி வகுப்புத் திட்டத்தைத் தொடக்கியது. எங்கட பிள்ளையள் பள்ளிக்கூடக் கட்டடத்திலேயே தமிழ் படித்து வந்ததற்கு வழி திறந்தது அந்தத் திட்டம்.

அயர்லாந்தில் பிறந்து ரொறன்ரோவில் பேராசிரியராக இருந்த ஜிம் கமின்ஸ், ரொறன்ரோ கல்விச் சபையிடம் இருந்த 1,210 குடியேறிப் பிள்ளைகளின் கணக்கை எடுத்துப் பார்த்து 1981இல் எழுதினார். விளையாட்டு மைதானத்தில் கதைக்கிற ஆங்கிலம் சுமார் இரண்டு வருசத்தில் வந்து விடும். ஆனால் புத்தகத்தை வாசித்து, யோசித்து, எழுதுகிற ஆங்கிலத்தில் வகுப்புப் பிள்ளைகளோடு சமமாக வர ஐந்து தொடக்கம் ஏழு வருசம் பிடிக்கும்.

கேட்க இது சின்ன விசயம் மாதிரி. ஆனால் இதனால் எத்தனை பிள்ளைகளின் தலைவிதி மாறி இருக்கிறது! கமின்ஸ் உளவியல் சோதனைக்கு அனுப்பப்பட்ட 400க்கு மேற்பட்ட குடியேறிப் பிள்ளைகளின் கோப்புகளையும் பார்த்தார். பிள்ளை மளமளவென்று ஆங்கிலம் கதைக்கிறது, ஆகவே மொழியில் பிரச்சினை இல்லை, சோதனையில் புள்ளி குறைவு, ஆகவே மூளையில்தான் பிரச்சினை. இந்த மாதிரி முடிவுகள் அங்கே கிடந்தன. வந்து இரண்டு வருசமே ஆன பிள்ளையை விசேட வகுப்புக்குத் தள்ளி விட்டால் அந்தப் பிள்ளை பிறகு எந்தக் காலம் வெளியே வரும்? எலிஸ் தீவில் செய்த அதே பிழையை, அறுபது வருசத்துக்குப் பிறகு, நல்ல மனதோட செய்து கொண்டிருந்தார்கள்.

உங்கட பிள்ளைக்கு இப்படி ஒரு சோதனை வைக்கப் போகிறோம் என்று கடிதம் வந்தால், பிள்ளை நாட்டுக்கு வந்து எத்தனை வருசம், வீட்டில் எந்த மொழி, அந்த மொழியில் பிள்ளை எப்படி என்று கேட்டு எழுதச் சொல்லுங்கோ. கேட்கிறதுக்கு உங்களுக்கு உரிமை உண்டு.

மறதி நோயாளர் சொல்லித் தந்தது

இனி மருத்துவத்துக்கு வருவோம். ரொறன்ரோவில் கீல் வீதியில் இருக்கிற யோர்க் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்துத் தொழிற்சாலைகளில் எங்கட ஆட்கள் எத்தனையோ பேர் வேலை செய்கிறார்கள். அந்தப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியை எலன் பியாலிஸ்ரொக், பெர்கஸ் கிரெய்க், மொறிஸ் பிறீட்மன் என்பவர்களோடு சேர்ந்து, பேக்ரெஸ்ற் வைத்தியசாலையின் ஞாபகசக்திக் கிளினிக்குக்கு வந்த 184 நோயாளரின் கோப்புகளை ஆராய்ந்தார். எல்லோருக்கும் டிமென்சியா என்கிற மறதி நோய். 91 பேர் ஒரு மொழிக்காரர், 93 பேர் வாழ்நாளில் பெரும்பகுதி இரண்டு மொழியில் புழங்கியவர்கள். 2007இல் வெளிவந்த முடிவு இது: ஒரு மொழிக்காரருக்கு நோயின் அறிகுறி சராசரியாக 71.4 வயதில் தொடங்கி இருக்கிறது. இரண்டு மொழிக்காரருக்கு 75.5 வயதில். நான்கு வருச வித்தியாசம்! அந்த இரண்டு மொழிக்காரர் கனபேர் குடியேறிகள். பள்ளிப் படிப்பும் மற்றவர்களை விடக் குறைவு.

2012இல் ரொறன்ரோ ஆராய்ச்சியாளர் 40 நோயாளரின் மூளைப் படங்களைப் பார்த்தார்கள். நோயின் வெளித் தோற்றம் இரண்டு பக்கத்துக்கும் ஒரே அளவு. ஆனால் இரண்டு மொழிக்காரரின் மூளை உள்ளே கூடுதலாகத் தேய்ந்திருந்தது. அதாவது மூளை கெட்டுப் போன பிறகும் அவர்களால் கொஞ்சக் காலம் சமாளிக்க முடிந்திருக்கிறது. நோய் வராமல் தடுக்கிறது என்று இதற்கு அர்த்தம் இல்லை. பெரிய தெரு அடைபட்டால் ஊர் ஒழுங்கை தெரிந்தவன் சுற்றிக் கொண்டு போய்ச் சேருகிறான் அல்லவா, அந்த மாதிரி.

உடனே மறுப்பும் வந்தது. குடிபெயர்ந்து வருகிறவர்கள் பொதுவாக உடம்பும் மனமும் பலமான ஆட்கள், அதனால்தான் நோய் பிந்துகிறது, மொழியால் இல்லை என்றார்கள். 2010இல் மொன்றியலில் 632 நோயாளரைப் பார்த்த இன்னொரு ஆராய்ச்சியில், அங்கேயே பிறந்த இரண்டு மொழிக்காரர் எல்லோருக்கும் இந்த நன்மை காணப்படவில்லை.

இந்தச் சிக்கலை அவிழ்க்க உதவியது ஐதராபாத். அங்கே சனம் இடம் பெயராமலே தெலுங்கும் உருதும் ஹிந்தியும் கதைக்கிறது. நிசாம் மருத்துவ நிறுவனத்தில் டொக்டர் சுவர்ணா அல்லாடி, எடின்பரோ பல்கலைக்கழகத்துத் தோமஸ் பாக் ஆகியோர் 648 மறதி நோயாளரின் கணக்கை 2013இல் வெளியிட்டார்கள். இரண்டு மொழிக்காரருக்கு நோய் நாலரை வருசம் பிந்தித் தொடங்கியது. எழுத வாசிக்கத் தெரியாதவர்களில் ஆறு வருசம் பிந்தியது. பள்ளிக்கூடத்தையே காணாத மனிசிக்கும் சந்தையில் ஒரு பாசை, வீட்டில் ஒரு பாசை என்று வாழ்ந்ததால் ஒரு சேமிப்பு இருந்திருக்கிறது. 2016இல் பாரிசவாதம் வந்த 608 பேரை ஆராய்ந்த போது, இரண்டு மொழிக்காரரில் 40.5 வீதமானவர்கள் பிறகும் தெளிந்த புத்தியோட இருந்தார்கள். ஒரு மொழிக்காரரில் 19.6 வீதம்.

இது முடிந்து போன வழக்கு என்று நான் சொல்ல வரவில்லை. நோய் வர முந்தியே ஆட்களைத் தெரிந்து பல வருசம் பின்தொடர்ந்து பார்த்த சில ஆராய்ச்சிகளில் இந்த நன்மை தெரியவில்லை. இரண்டு மொழிப் பிள்ளைகளின் கவனசக்தி கூட என்ற பேச்சையும் 2013க்குப் பிறகு பலர் திருப்பிச் சோதித்துச் சந்தேகம் கிளப்பி இருக்கிறார்கள். ஆனபடியால் தமிழ் படித்தால் பிள்ளை மேதையாகும், கிழவனுக்கு மறதி வராது என்று மேடையில் முழங்க வேண்டாம். பழைய பொய்க்குப் பதிலாகப் புதுப் பொய் எங்களுக்குத் தேவையில்லை. நன்மை எவ்வளவு என்பதில்தான் இன்றைக்கு வழக்கு. வீட்டுமொழி பிள்ளையைக் கெடுக்கும் என்ற பழைய கதைக்குத் திரும்பிப் போக ஆதாரம் இல்லை.

குறையோட பிறந்த பிள்ளையளின் விசயம்

இன்னொன்றைக் கட்டாயம் எழுத வேண்டும். டவுண் சின்ட்ரோம், ஓட்டிசம் போன்ற நிலைமையோட பிறந்த பிள்ளை உள்ள வீடுகள் எங்களுக்குள்ளும் இருக்கின்றன. அந்தப் பெற்றோருக்கு, ஒரு மொழியே பாரம், தமிழை விட்டு விடுங்கோ என்றுதான் பெரும்பாலும் சொல்லப்படுகிறது. ஹலிபக்ஸ் நகரத்து டல்ஹௌசி பல்கலைக்கழகத்தில் எலிசபெத் கே-ரெயினிங் பேட் என்ற பேராசிரியை 2005இல், இரண்டு மொழி கேட்டு வளர்கிற டவுண் சின்ட்ரோம் பிள்ளைகளை, ஒரே மொழி கேட்டு வளர்கிற அதே மாதிரிப் பிள்ளைகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார். ஆங்கிலத்தில் அவர்கள் பின்தங்கவில்லை. அது எட்டே எட்டு இருமொழிப் பிள்ளைகளை வைத்துச் செய்த சின்ன ஆராய்ச்சி. ஆனால் அதற்குப் பிறகு வந்தவையும் அந்தப் பக்கமே சாய்கின்றன. 2012இல் மொன்றியலில் ஓட்டிசம் உள்ள 75 பிள்ளைகளைப் பார்த்த ஆராய்ச்சியிலும் இரண்டு மொழி கேட்டு வளர்ந்தவர்களுக்குக் கூடுதல் சுணக்கம் இல்லை.

சாதாரண பிள்ளை பள்ளிக்கூடத்தில் நாலு சிநேகிதரைப் பிடித்து எப்படியோ தப்பும். இந்தப் பிள்ளையளுக்கு உலகமே வீடுதான். தாய் தாலாட்டுகிற, ஏசுகிற, கொஞ்சுகிற பாசையை அந்த வீட்டில் இருந்து எடுத்து விட்டால், பிள்ளையோட மனம் விட்டுக் கதைக்க அங்கே யார் மிச்சம்?

ஆகவே நாங்கள் செய்ய வேண்டியது

மொழி என்று சொல்லி அளந்ததில் வறுமையும், புதிதாக வந்த பயமும், சோதினைத் தாளின் பாசையும் சேர்ந்து கிடந்தன. அவற்றைப் பிரித்து எடுக்க நாற்பது வருசம் பிடித்தது. பிரித்து எடுத்தவர்கள் பெரிய கருவிகளோட வரவில்லை. ஒரே மாதிரிக் குடும்பத்துப் பிள்ளையை ஒரே மாதிரிக் குடும்பத்துப் பிள்ளையோட ஒப்பிட்டார்கள், அவ்வளவுதான். எங்கட பிள்ளையை யாராவது அளக்கும் போது நாங்களும் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்: யாரோடு ஒப்பிடுகிறீர்கள்?

வீட்டில் தமிழ் கதையுங்கோ. அரைகுறை ஆங்கிலத்தில் பிள்ளையோட கதைக்கிறதை விட, முழுத் தமிழில் ஒரு கதை சொல்லுகிறது மேல். ஆனால் சாப்பிடு, படு, ரிவியை நிற்பாட்டு என்ற மூன்று கட்டளையோட தமிழ் முடிந்து போனால் அத்திவாரம் போடப்படாது. இரவு வேலை செய்து போட்டு வாற ஆளுக்கு நேரம் எங்கே என்று கேட்பீர்கள். எனக்கும் அந்தக் கஷ்டம் தெரியும். பத்து நிமிசம் போதும். பள்ளிக்கூடத்தில் படித்ததைப் பிள்ளை தமிழில் சொல்ல, நீங்கள் கேளுங்கோ. சொல் வராத இடத்தில் எடுத்துக் கொடுங்கோ. வாய் ஓயாமல் கதைக்கிற அம்மம்மா அப்பப்பா வீட்டில் இருந்தால் அதை விடப் பெரிய ஆசிரியர் கிடையாது.

பள்ளிக்கூடத்திலோ வைத்தியரிடத்திலோ தமிழை விடுங்கோ என்று சொன்னால் சண்டைக்குப் போக வேண்டாம். நல்லதுக்குத்தான் சொல்லுகிறார்கள். அந்த அறிவுரைக்கு நூறு வயதாகி விட்டது, அதற்குப் பிறகு உங்கட பல்கலைக்கழகங்களே எவ்வளவோ கண்டு பிடித்து விட்டன என்று மரியாதையாகச் சொல்லுங்கோ. ஆங்கிலத்தில் சொல்ல ஏலாது என்றால் எங்கட சங்கத்தில் படித்த பிள்ளையள் இருக்கினம், ஒரு கடிதம் எழுதித் தருவினம்.

வேல்ஸ் நாட்டுப் பிள்ளையின் கழுத்தில் மரத்துண்டைக் கட்டினது ஊர் வாத்தியார். எங்கட பிள்ளையளின் கழுத்தில் அப்படி ஒன்றையும் இங்கே ஒருவரும் கட்டவில்லை. நாங்களாகக் கட்டி விடாமல் இருந்தால் போதும்.

எல்லா வீடுகளிலும் பேரப்பிள்ளையும் அம்மம்மாவும் ஒரே பாசையில் சிரிக்கட்டும்.